சிஸ்கோ ஐஓஎஸ் சுவிட்ச் கான்ஃபிக்கை ஜூனிபர் ஜூனோஸுக்கு மாற்றுவது எப்படி?

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஜூனிபர் இஎக்ஸ்3400 வைக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 48 போர்ட். முன்னதை இயக்கும் மென்பொருள் ஐஓஎஸ், பின்னதை இயக்குவது ஜூனோஸ். கான்ஃபிக் என்பது சுவிட்சுக்கு எழுதிவைக்கும் அமைப்பு வரிகள். பழைய கான்ஃபிக்கில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஜூனோஸில் இணையான வரியைத் தேடி எழுதினால் போதும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எழுதியிருக்கும் வரிகள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. யாரும் எழுதாமலே சிஸ்கோ தானாகச் செய்துவந்த வேலைகள்தான் மாற்றுகிற இரவில் நெட்வொர்க்கை நிறுத்துகின்றன. அவற்றை முன்கூட்டியே பிடிப்பதற்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: பழைய சுவிட்சை முழுதாகப் பதிவு செய்யுங்கள்

"ஷோ ரன்னிங்-கான்ஃபிக்" மட்டும் எடுத்தால் போதாது. "ஷோ ரன்னிங்-கான்ஃபிக் ஆல்" கொடுங்கள். வெளியே தெரியாத இயல்பு அமைப்புகளையும் அது காட்டும். விடிபி (வீலான் பட்டியலை சுவிட்சுகளுக்கிடையே பகிரும் சிஸ்கோ முறை) சர்வர் அல்லது கிளையன்ட் நிலையில் இருக்கும் சுவிட்சில் வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) பட்டியல் ரன்னிங்-கான்ஃபிக்கில் வராது, ஃபிளாஷில் தனிக் கோப்பாக இருக்கும். அதனால் "ஷோ வீலான் பிரீஃப்" கட்டாயம். கூடவே "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்", "ஷோ ஈதர்சேனல் சம்மரி", "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ", "ஷோ சிடிபி நெய்பர்ஸ்", "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். கடைசிப் படியில் இந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.

படி 2: போர்ட் அட்டவணை

சிஸ்கோவில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும், ஜூனோஸில் 0-இல். கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 என்பது ஜிஇ-0/0/0 ஆகும். 1/0/48 என்பது ஜிஇ-0/0/47. இஎக்ஸ்3400-இல் 10 கிகாபிட் அப்லிங்க் (மேல் சுவிட்சோடு இணைக்கும் போர்ட்) எக்ஸ்இ-0/2/0 என்று தொடங்கும். அதே துளையில் 1 கிகாபிட் மாட்யூல் செருகினால் பெயர் ஜிஇ-0/2/0 ஆகிவிடும். ஒரு விரிதாளில் பழைய பெயர், புதிய பெயர், வீலான், எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று நான்கு பத்தி போட்டு நிரப்புங்கள்.

படி 3: அடிப்படை அமைப்பு

புதிய சுவிட்சில் கன்சோல் கேபிள் வழியாக நுழைந்து "கான்ஃபிகர்" கொடுங்கள். முதலில் ரூட் கடவுச்சொல் வைக்க வேண்டும், இல்லையென்றால் கமிட் (எழுதியதை அமலாக்கும் கட்டளை) ஏற்காது.

செட் சிஸ்டம் ரூட்-ஆதென்டிகேஷன் பிளெயின்-டெக்ஸ்ட்-பாஸ்வேர்ட்
செட் சிஸ்டம் சர்வீசஸ் எஸ்எஸ்ஹெச்

சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று பலர் தொழிற்சாலை அமைப்பை அப்படியே அழித்துவிடுகிறார்கள். அதில்தான் ஆர்எஸ்டிபி (லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயின் ஒரு வகை), எல்எல்டிபி (பக்கத்துக் கருவியைக் கண்டறிவது), ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட் தேவைப்படும் போர்ட்டுக்கு மட்டும் அதை அனுப்புவது), பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம்) எல்லாம் இயக்கப்பட்டிருக்கும். சிஸ்கோவில் பிஓஇ ஒரு வரிகூட எழுதாமல் வேலை செய்யும். இங்கே "செட் பிஓஇ இன்டர்ஃபேஸ் ஆல்" இல்லையென்றால் மேசையில் இருக்கும் ஐபி போனுக்கு மின்சாரமே வராது. அழித்தால் இவற்றைத் திரும்ப எழுதுங்கள்.

படி 4: வீலானும் போர்ட்டும்

செட் வீலான்ஸ் ஸ்டாஃப் வீலான்-ஐடி 10
செட் இன்டர்ஃபேசஸ் ஜிஇ-0/0/0 யூனிட் 0 ஃபேமிலி ஈதர்நெட்-சுவிட்சிங் வீலான் மெம்பர்ஸ் ஸ்டாஃப்

ஆக்சஸ் போர்ட்டுக்கு (ஒரே வீலானில் இருக்கும், பயனர் கருவி செருகும் போர்ட்) இவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் "போர்ட்-மோட்" என்று இருக்கும். அது இஎக்ஸ்2200, இஎக்ஸ்4200 காலத்தது. இஎக்ஸ்3400-இல் "இன்டர்ஃபேஸ்-மோட்". சுவிட்சின் ஐபி முகவரியும் அங்கே "வீலான்.10" மேல் இருக்கும், இங்கே "ஐஆர்பி.10" மேல்.

இப்போது ட்ரங்க், அதாவது பல வீலான்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போங்கள்.

செட் இன்டர்ஃபேசஸ் எக்ஸ்இ-0/2/0 யூனிட் 0 ஃபேமிலி ஈதர்நெட்-சுவிட்சிங் இன்டர்ஃபேஸ்-மோட் ட்ரங்க்
செட் இன்டர்ஃபேசஸ் எக்ஸ்இ-0/2/0 யூனிட் 0 ஃபேமிலி ஈதர்நெட்-சுவிட்சிங் வீலான் மெம்பர்ஸ் ஆல்
செட் இன்டர்ஃபேசஸ் எக்ஸ்இ-0/2/0 நேட்டிவ்-வீலான்-ஐடி 1

சிஸ்கோ ட்ரங்க் எதுவும் சொல்லாமலே எல்லா வீலானையும் அனுமதிக்கும். ஜூனோஸ் நீங்கள் பெயர் சொன்ன வீலானை மட்டுமே விடும். அதேபோல் சிஸ்கோவில் வீலான் 1 இயல்பாகவே டேக் (எந்த வீலான் என்று ஃபிரேமில் ஒட்டும் எண்) இல்லாமல் போகும்; இப்படிப் போவதுதான் நேட்டிவ் வீலான். ஜூனோஸ் ட்ரங்கில் நேட்டிவ் வீலான் என்று எதுவும் இருக்காது, டேக் இல்லாத ஃபிரேம் கைவிடப்படும். நிர்வாக ஐபியை வீலான் 1-இல் வைத்திருக்கும் அலுவலகங்கள் நிறைய. அங்கே இந்த மூன்றாவது வரி விட்டுப்போனால் பயனர்களுக்கு இணையம் ஓடும், உங்களுக்கு மட்டும் சுவிட்ச் எட்டாது. "ஆல்" போடாமல் தனித்தனியாக எழுதினால் நேட்டிவ் வீலானையும் மெம்பர்ஸில் சேருங்கள்.

படி 5: ஈதர்சேனல், ஸ்பேனிங் ட்ரீ

ஈதர்சேனல் என்பது பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்ப்பது. "சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்" என்பதற்கு ஜூனோஸில் ஏஇ0 என்ற இன்டர்ஃபேஸ். "செட் சாசிஸ் அக்ரிகேட்டட்-டிவைசஸ் ஈதர்நெட் டிவைஸ்-கவுண்ட் 2" எழுதாவிட்டால் ஏஇ0 உருவாகவே உருவாகாது. பழையதில் மோட் "டிசைரபிள்" என்றிருந்தால் அது இணைப்பைப் பேசி முடிவுசெய்ய சிஸ்கோவுக்கே உரிய முறையான பிஏஜிபி; எதிர்முனையையும் பொதுத் தர முறையான எல்ஏசிபிக்கு மாற்ற வேண்டும்.

சிஸ்கோ ஒவ்வொரு வீலானுக்கும் தனி ஸ்பேனிங் ட்ரீ ஓட்டும். ஜூனோஸின் ஆர்எஸ்டிபி மொத்தத்துக்கும் ஒன்றுதான், எதிரே இருக்கும் சிஸ்கோவின் வீலான் 1 மரத்தோடு மட்டும்தான் அது பேசும். கோர் சுவிட்ச் சிஸ்கோவாகவே தொடர்ந்து, வீலானுக்கு வீலான் ரூட் (மரத்தின் தலைமை சுவிட்ச்) வேறுபட்டால் விஎஸ்டிபி (ஜூனோஸில் வீலானுக்கு ஒரு மரம் ஓட்டும் வகை) பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ரூட், லூப்பும் இல்லை என்றால் ஆர்எஸ்டிபி போதும். சிஸ்கோவின் போர்ட்ஃபாஸ்ட்டுக்கு (பயனர் போர்ட்டை ஸ்பேனிங் ட்ரீக்குக் காத்திராமல் உடனே திறப்பது) "எட்ஜ்", பிபிடியு கார்டுக்கு (பயனர் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் அதை மூடுவது) "பிபிடியு-பிளாக்-ஆன்-எட்ஜ்".

படி 6: கமிட்

ஐஓஎஸ்ஸில் என்டர் தட்டியதும் கட்டளை அமலாகும். ஜூனோஸில் கமிட் செய்யும்வரை எதுவும் மாறாது. எனக்கு ஜூனோஸில் மிகவும் பிடித்த விஷயம் இது. முதலில் "ஷோ | கம்பேர்" கொடுத்து என்ன மாறுகிறது என்று படியுங்கள். அப்புறம் "கமிட் செக்". அது சரி என்றால் "கமிட் கன்ஃபர்ம்ட் 5". ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி "கமிட்" கொடுக்காவிட்டால் சுவிட்ச் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்கிறவர் இதை ஒருபோதும் விடக்கூடாது.

படி 7: கேபிள் மாற்றிய பின் சரிபார்ப்பு

"ஷோ வீலான்ஸ்", "ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ்", "ஷோ எல்ஏசிபி இன்டர்ஃபேசஸ்", "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ இன்டர்ஃபேஸ்" வரிசையாகப் பாருங்கள். பிறகு "ஷோ ஈதர்நெட்-சுவிட்சிங் டேபிள்" எடுத்து, முதல் படியில் சேமித்த மேக் (கருவியின் வன்பொருள் முகவரி) பட்டியலோடு வீலான் வாரியாக ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு வீலானில் மேக் முகவரியே இல்லையென்றால் ட்ரங்கின் இரு முனைகளிலும் அந்த வீலான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரின்டர், கதவுப் பூட்டு மாதிரி எப்போதாவது மட்டுமே பேசும் கருவிகளை நீங்களே பிங் செய்து எழுப்பிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் "ரிக்வெஸ்ட் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் ரெஸ்க்யூ சேவ்" கொடுத்து நல்ல நிலையைச் சேமியுங்கள். பழைய சுவிட்சை உடனே அழிக்காமல், மாதக் கடைசி வேலைகள் ஒருமுறை ஓடி முடியும்வரை அதன் கான்ஃபிக்கோடு ரேக்கிலேயே விட்டு வையுங்கள்.