முதுமலைச் சாலையில் மான் மீது மோதாமல் ஓட்டுவது எப்படி?

கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் தொரப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் முதுமலை. கக்கநல்லாவுக்கு அப்பால் பந்திப்பூர். முதல்முறை வருகிறவர்கள் யானை எங்கே, புலி எங்கே என்று தேடிக்கொண்டே ஓட்டுவார்கள். ஆனால் வண்டிக்குக் குறுக்கே வந்து விழ அதிக வாய்ப்புள்ளது புள்ளிமான்தான். அடிக்கடி இந்தப் பக்கம் ஓட்டுவதால் பழகிப்போன சில விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் நேரம். இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும். பந்திப்பூர் பக்கம் 2009 முதலே இந்தத் தடை உண்டு. சிக்கல் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். கேட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று எல்லோரும் மிதிப்பார்கள். மான் மேய வெளியே வருவதும் அதே அந்தி நேரத்தில்தான். நாலு மணிக்கே காட்டைக் கடந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

அடுத்து வேகம். 60-ல் வந்தால், மானைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஆகும் ஒரு விநாடியில் கார் 17 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த சாலையில்கூட நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். 30-ல் வந்தால் எல்லாம் சேர்ந்தே 13, 14 மீட்டர்தான்.

இப்போது மானைப் படிப்பது. இதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தலை குனிந்து மேய்கிறது, வால் தொங்குகிறது, காது ஈ விரட்டிக்கொண்டிருக்கிறது: அமைதியாக இருக்கிறது. மெதுவாகத் தாண்டிப் போகலாம்.

தலை நிமிர்ந்து இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பினால் உங்களைக் கவனித்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டினால் கூட்டத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. வால் மேலே ஏறி அடியில் உள்ள வெள்ளை தெரிந்தால், அடுத்த நொடி ஓட்டம்தான்.

உங்களையே பார்க்காத மானைப் பற்றித்தான் எனக்கு அதிக பயம். அதில் இரண்டு வகை. ஒன்று, சாலையின் மறுபக்கத்தைப் பார்த்து நிற்கும் மான். அதன் கூட்டம் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருக்கும். கார் நெருங்க நெருங்க, பின்வாங்காமல் கூட்டத்தோடு சேரப் பாயும். முதல் மான் கடந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். குட்டிகள் பெரும்பாலும் பின்னால்தான் வரும். கடைசி மான் போய்விட்டது என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் காத்திருங்கள்.

இரண்டாவது, கூட்டம் மொத்தமும் புதருக்குள் ஒரே இடத்தையே பார்த்து நிற்பது. அங்கே சிறுத்தையோ செந்நாயோ இருக்கலாம். அந்த நிலையில் உங்கள் கார் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. இடைவெளி விட்டே வேகத்தை அடியோடு குறைத்துவிடுங்கள். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினால் எச்சரிக்கைக் குரல் காதில் விழும்: புள்ளிமானுக்குக் கூர்மையான ஒற்றைக் கூவல், கடமானுக்கு உரத்த கனைப்பு.

விளக்கும் ஹாரனும். மான் நின்றால் டிம் செய்யுங்கள். ஹை பீமில் கண் கூசி நடுரோட்டிலேயே உறைந்துவிடும். ஹாரன் வேண்டாம், மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. பம்பரில் ஒட்டும் 'மான் விசில்' ஆன்லைனில் கிடைக்கிறது. சோதித்த ஆய்வுகளில் பலன் எதுவும் தென்படவில்லை. அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் பிளேடு வாங்குங்கள். எதிர் வண்டி வெளிச்சத்தில் அழுக்குக் கண்ணாடி வழியே ஒன்றுமே தெரியாது.

தவிர்க்கவே முடியாவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். வெட்டித் திருப்பினால் மரமோ எதிரே வரும் லாரியோ காத்திருக்கும். அடிபட்டுவிட்டால் இறங்கித் தொடப் போகாதீர்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, வண்டி ஓடும் நிலையில் இருந்தால் அடுத்த செக்போஸ்ட்டில் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பைக்கில் வருகிறவர்கள் சிலர் கமென்ட்டில் கேட்டிருந்தார்கள். உங்களுக்குப் புள்ளிமானைவிடக் கடமான்தான் பெரிய ஆபத்து. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கரும்பழுப்பு நிறம் என்பதால் அந்தியில் மரத்தோடு மரமாக நிற்கும். தனியாகவோ குட்டியோடோ திரிவதால் கூட்டத்தைப் பார்த்து உஷாராகவும் வழியில்லை. முன்னால் போகும் காருக்குப் பின்னால் இடைவெளி விட்டு, அதன் பிரேக் விளக்கைப் பார்த்தபடி போங்கள். மழைக்குப் பின் சாலையோரம் புதுப் புல் முளைத்திருக்கும் இடங்களில் இன்னும் மெதுவாக.