முறை மாற்றும் ப்ரோட்டோகாலுக்கு மாடல் எழுதுவது எப்படி

நெட்வொர்க் நிலவரத்தைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் ப்ரோட்டோகால்களில் (கணினிகள் செய்தி பரிமாறும் விதிமுறைகளில்) பிழை பெரும்பாலும் இந்த முறையிலும் இருக்காது, அந்த முறையிலும் இருக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் சந்தில்தான் உட்கார்ந்திருக்கும். டெஸ்ட் எழுதிப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் தாவும் அந்த நொடியில் எந்தப் பழைய செய்தி வழியில் மிதந்துகொண்டிருக்கிறது என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு. ப்ரோட்டோகாலின் சுருக்க வரைவை, அதாவது மாடலை, எழுதிக் கொடுத்தால் எல்லா வரிசைகளையும் சலிக்காமல் முயன்று பார்க்கும் மென்பொருளான மாடல் செக்கர்தான் சரி.

கருவியை ரொம்ப யோசிக்காதீர்கள். மாடல் எழுத லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் மொழி, அதற்கான டிஎல்சி செக்கர், இதுவே போதும். ஸ்பின் என்ற செக்கரில் பழகியவர்கள் அதன் மொழியான புரொமெலாவிலேயே எழுதலாம். மில்லிசெகண்டு கணக்கே முக்கியம் என்றால் மட்டும் நேரத்தையும் கணக்கில் எடுக்கும் உப்பால் பக்கம் போங்கள்.

ஓர் உதாரணத்தோடு போவோம். அனுப்புனருக்கு இரண்டு முறைகள். 'தனி' முறையில் ஒவ்வொரு செய்திக்கும் பெறுநரிடமிருந்து ஓர் ஒப்புதல் ('கிடைத்தது' என்ற பதில்). 'கட்டு' முறையில் பல செய்திகளைச் சேர்த்துக் கட்டி அனுப்பி, கட்டுக்கு ஓர் ஒப்புதல். முறை மாறினால் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். ஒப்புதல் வந்ததும் அனுப்புனர் தன் பஃபரிலிருந்து (அனுப்பியதன் பிரதியை வைத்திருக்கும் இடத்திலிருந்து) அந்தச் செய்தியை அல்லது கட்டை அழித்துவிடுவார்.

முதலில் சேனலை, அதாவது செய்திகள் போகும் வழியை, எழுதுங்கள், அதுவும் வரிசையாக இல்லாமல் ஒரு பையாக. பையிலிருந்து எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தொலைக்கலாம். தாமதமும் வரிசை குலைவும் இதிலேயே அடங்கிவிடும். மறுபடி அனுப்பச் சொல்லும் டைமரில் எண்ணே வேண்டாம். ஒப்புதல் வராத எந்த நேரத்திலும் மறுபடி அனுப்பலாம் என்று விட்டுவிடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. எப்போது முறை மாற வேண்டும் என்ற கணக்கை, அதாவது சராசரித் தாமதம், வரம்பு எண் எல்லாவற்றையும், மாடலுக்குள் கொண்டுவந்து திணிப்பார்கள். வேண்டவே வேண்டாம். அனுப்புனர் நினைத்தபோதெல்லாம் மாறலாம் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கை நாளைக்கு யாராவது மாற்றத்தான் போகிறார்கள். எந்தக் கணக்கு வந்தாலும் செய்தி தொலையக் கூடாது என்பதுதானே நமக்கு வேண்டியது.

செக்கர் சரிபார்க்க வேண்டிய நிபந்தனை ஒரே வரி: அனுப்புனரின் பஃபரிலிருந்து அழிந்த எந்தச் செய்தியும் பெறுநரிடம் இருக்க வேண்டும். ஓட்டினால் செக்கர் இது மாதிரி (இன்னும் சுருக்கமாகவும் இருக்கலாம்) ஒரு கதை சொல்லும். செய்தி 1 போகிறது. ஒப்புதல் தாமதமாகிறது என்று மறுபடியும் போகிறது. பெறுநருக்கு இரண்டு பிரதியும் கிடைக்க, 'ஒப்புதல் 1' இரண்டு தடவை கிளம்புகிறது. ஒன்று வந்து சேர்கிறது, அனுப்புனர் கட்டு முறைக்கு மாறிக் கட்டு 1-ஐ அனுப்புகிறார், அது வழியில் தொலைகிறது. இப்போது பழைய இரண்டாவது 'ஒப்புதல் 1' ஆடி அசைந்து வந்து சேர, கட்டு 1 போய்விட்டது என்று நம்பிப் பஃபரைக் காலி செய்துவிடுகிறார். அவ்வளவுதான், கட்டிலிருந்த செய்தி எல்லாம் போச்சு. ஒன்பதே படி. (அமேசானில் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தை இப்படிச் சோதித்தபோது சிக்கிய ஒரு பிழைக்கு மிகக் குறுகிய தடமே 35 படி.)

சரி, ஒப்புதலில் முறையின் பெயரையும் சேர்த்தால் தீர்ந்ததா? ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் அனுமதித்து ஓட்டினால் 'பிழை இல்லை' என்று வரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். இரண்டு மாற்றம் அனுமதியுங்கள்: தனி, கட்டு, மறுபடி தனி. முதல் சுற்றின் 'தனி 1' ஒப்புதல் மூன்றாம் சுற்றில் வந்து அதே வேலையைக் காட்டும். ஆகவே தேவை பெயர் இல்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடும் சுற்று எண். செய்தியிலும் ஒப்புதலிலும் அது இருக்க வேண்டும், நடப்புச் சுற்றைச் சேராத ஒப்புதலைத் தூக்கிப் போட வேண்டும். கோடில் அதை 8 பிட்டில் அடைத்தால் 256 மாற்றத்துக்குப் பிறகு பழைய கதைதான், கவனம்.

அளவைச் சின்னதாகவே வையுங்கள்: இரண்டு முனை, மூன்று செய்தி, இரண்டு மாற்றம். செய்தியை ஆறாக்கினால் செக்கர் பார்க்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை மளமளவென்று பெருகி, இயந்திரம் திணறும், புதிதாக எதுவும் தெரியவராது.

அப்புறம், வேலை என்றாவது முடியுமா என்ற கேள்வி. இதற்கு இதே மாடலைப் பயன்படுத்தாதீர்கள். மாற்றங்களுக்கு உச்சவரம்பு வைத்திருப்பதால், முடிவில்லாமல் முறை மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டத்தை அது பார்க்கவே பார்க்காது. இன்னொரு மாடல் எழுதுங்கள்: வரம்பையும் சுற்று எண்ணையும் வழியில் தொலைவதையும் எடுத்துவிட்டு, முறை மாறும்போதெல்லாம் சேனலைக் காலி செய்யுங்கள், பழையதைத் தூக்கிப் போடுவதும் அதுவும் ஒன்றுதான். செய்தி அனுப்புவதற்கும் பெறுவதற்கும் பலவீன ஃபேர்னஸ் (இடைவிடாமல் செய்ய முடிகிற நிலையிலேயே இருக்கும் செயல் என்றாவது நடந்தே தீரும் என்ற விதி) மட்டும் கொடுங்கள். அனுப்பு, மாறு, அனுப்பு, மாறு என்று ஒரு வளையத்தை டிஎல்சி காட்டும். குறைந்தது ஓர் ஒப்புதலாவது வந்த பிறகே அடுத்த மாற்றம் என்று விதி சேர்த்தால் வளையம் அறுந்துவிடும்.

எல்லாம் 'பிழை இல்லை' என்று வந்ததும் சுற்று எண் சோதனையை வேண்டுமென்றே நீக்கிவிட்டு முதல் மாடலை ஒரு தடவை ஓட்டுங்கள். அந்தப் பழைய ஒப்புதல் கதை ஏதாவது ஒரு வடிவில் திரும்ப வரவில்லை என்றால் நிபந்தனையையோ மாடலையோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.