நனைந்த இயர்போன் தேறுமா? காய வைத்து, காதால் சோதிக்கும் முறை

போன மாதம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வண்டியில் இறங்கும்போது பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயும் ஒதுங்கவில்லை. அஸ்தம்பட்டி வருவதற்குள் சட்டைப் பையிலிருந்த ஒயர் இயர்போன் தொப்பலாக நனைந்துவிட்டது. தினமும் இரவில் அதில்தான் தம்பூரா சுருதி வைத்துப் பாடிப் பழகுகிறேன். வீட்டில் ரப்பரைக் கழற்றிப் பார்த்தால், கடுகளவு வலையின் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் தண்ணீர் படலம்.

முதல் வேலை, பாட்டு வருகிறதா என்று போட்டுப் பார்க்காமல் இருப்பது. ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் செம்பு சீக்கிரம் அரிக்கும். டைப்-சி ஒயர் என்றால் பெரும்பாலும் அதன் முனைக்குள்ளேயே சிப் இருக்கும், ஈரத்தோடு போனில் செருகவே கூடாது. ப்ளூடூத் பட்ஸ் என்றால் அணைத்துவிட்டு, கேஸுக்குள் வைக்காமல் வெளியே வையுங்கள். கேஸில் வைத்தால் சார்ஜ் ஏற ஆரம்பித்துவிடும்.

அடுத்து, ரப்பரைக் கழற்றி வலை கீழே பார்க்கும்படி பிடித்து, டிஷ்யூ பேப்பரின் நுனியால் ஒற்றுங்கள். பேப்பரே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வாயால் ஊதாதீர்கள். ஊதினால் தண்ணீர் உள்ளே போய், ஒலியை எழுப்பும் மெல்லிய சவ்வில் உட்கார்ந்துவிடும்.

மழைத் தண்ணீர் என்றால் இத்தோடு காய வைக்கலாம். போர் தண்ணீர், காபி, துணி துவைத்த சோப்புத் தண்ணீர் என்றால் கதை வேறு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் சர்க்கரையும் உள்ளேயே தங்கிவிடும். ஒயர் இயர்போனை, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசி எடுத்துவிடுவது நல்லது. பட்ஸை அதே தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். சோப்புத் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

சரி, எங்கே காய வைப்பது? அரிசிப் பானையில் வேண்டாம். அரிசி ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சாது, அதன் மாவுத் தூள்தான் வலையை அடைக்கும். ஹேர் டிரையர் சூட்டில் உள்ளே ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். சேலத்து வெயில் காலத்தில் ஃபேன் காற்றில், நிழலில் 2 நாள் போதும். ஏற்காட்டில் மூடுபனி நாளில் தோளில் போட்ட துண்டே காயாது. அங்கே ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்தைச் சேர்த்து, இறுக மூடும் டிஃபன் பாக்ஸில் இயர்போனோடு போட்டு மூடிவிடுங்கள்.

2 நாள் கழித்துத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். போன் அமைப்புகளில் மோனோ ஆடியோவைப் போட்டு, ஏதாவது சுருதி ஆப்பில் தம்பூராவைக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். இரண்டு காதிலும் ஒரே ஒலி போவதால், நாதம் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கம் சாய்கிறது என்றால் இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பழுது இயர்போனில். மாறாமல் அங்கேயே நின்றால் காதில் அழுக்கு இருக்கலாம், பாவம் இயர்போன் மேல் தப்பில்லை.

அப்புறம் மிருதங்கம் கேளுங்கள். அதன் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியில் ‘ர்ர்’ என்று ஓர் அதிர்வு கூடவே வந்தால் சவ்வில் துளியோ தூசியோ உட்கார்ந்திருக்கிறது. ஒலி முழுக்கவே போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கியிருந்தால் வலை அடைத்திருக்கிறது. ஈரத்தால் வந்தவை என்றால் இந்த இரண்டுமே இன்னும் 2 நாள் காய்ந்தால் பெரும்பாலும் சரியாகும், அதற்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டு தானாக நிற்பதும், சத்தம் தானாக ஏறுவதும் பட்டனுக்குள் இருக்கும் ஈரத்தால். பட்டனை யாரோ அழுத்துவதாகப் போன் நினைத்துக்கொள்கிறது.

இன்று நன்றாகப் பாடுகிறது என்றால் பிழைத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல உள்ளே அரிப்பு மெதுவாகத்தான் ஏறும். அதனால் 2 வாரம் கழித்து இதே தம்பூராவை, இதே சத்தத்தில் மறுபடி கேளுங்கள். புதிதாகக் கரகரப்போ ஒரு பக்கச் சாய்வோ வந்திருந்தால் அது இனி காயாது. பட்ஸ் மட்டும் சார்ஜில் சூடானாலோ உப்பினாலோ, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காதில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

என்னுடையதில் மைக் போய்விட்டது, பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. தம்பூரா மட்டும் மூன்றாவது வாரத்திலும் நடுவில்தான் நிற்கிறது.