மூளையா, மனசா? ஆபீஸ் இங்கிலீஷுக்கு ஒரு ஆரம்பப் பாடம்

ஊரிலிருந்து வந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தவர்களை இலக்கணத்தைவிட அதிகம் படுத்துவது ஆபீஸ் பேச்சில் வரும் மரபுத்தொடர்கள்தான். "கேன் ஐ பிக் யுவர் பிரெய்ன்?" என்று மேனேஜர் கேட்டால் திருதிருவென்று முழிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயத்தில் யோசனை கேட்கிறார், அவ்வளவுதான். "ஷ்யூர்" என்றால் போதும்.

முதல் வேலை: நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பிரெய்ன், வலப்பக்கம் மைண்ட். பிரெய்ன் வருபவை பெரும்பாலும் யோசிக்கும் உழைப்பைச் சொல்லும். ஞாபகம், முடிவு, தயக்கம் எல்லாம் மைண்ட் பக்கம்.

அடுத்து, தனிச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். "ஐ ராக்ட் மை பிரெய்ன்ஸ்" என்றால் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். இதில் பிரெய்ன்ஸ் என்று பன்மையில் சொல்வதே வழக்கம். மீட்டிங்கை மறந்துவிட்டால் "இட் ஸ்லிப்ட் மை மைண்ட்". 'ஐ ஸ்லிப்ட்' என்று ஆரம்பித்தால் வழுக்கி விழுந்த கதையாகிவிடும். 'எனக்கு மறந்துபோச்சு' என்பதில் 'நான்' இல்லையே, அப்படித்தான் இதுவும். "ஐயாம் இன் டூ மைண்ட்ஸ்" நம்ம 'ரெண்டு மனசா இருக்கு' அப்படியே. வீட்டு புரோக்கர் இன்றைக்கே அட்வான்ஸ் கேட்டு நெருக்கினால், "லெட் மீ ஸ்லீப் ஆன் இட்", அதாவது ராத்திரி யோசித்துக் காலையில் சொல்கிறேன். இதில் பிரெய்னும் இல்லை, மைண்டும் இல்லை. பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ஆளைத் திட்டுவதுபோல் ஒலிப்பவற்றைத் தனியாகக் குறியுங்கள். 'நோ-பிரெய்னர்' மூளையில்லாதவன் அல்ல. யோசிக்கவே தேவையில்லாத முடிவு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, மாலை நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட கேபா மெட்ரோவா என்பது நோ-பிரெய்னர்.

கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் 'பிரெய்ன்ஸ்டார்மிங்' தெரியாதவர் இல்லை. ஆனால் அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் இதைப் பரப்பியபோது வைத்த முக்கிய விதியைத்தான் யாரும் மதிப்பதில்லை: யோசனைகள் வந்துகொண்டிருக்கும்போது குறை சொல்லக் கூடாது. அவருக்கு முன்பே இருந்த 'பிரெய்ன்ஸ்டார்ம்' என்ற சொல்லுக்குத் திடீர்ப் புத்திக்கலக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. சில மீட்டிங்குகளுக்குப் பழைய பொருளே பொருந்துகிறது.

கடைசியாக, அன்றைக்குக் காதில் விழுந்த ஒரே ஒரு தொடரை வைத்து, கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் டீமில் பேசிப் பழகுங்கள். கிளையண்டுக்குப் போகும் மெயிலில் இப்போதைக்கு வேண்டாம். அங்கே நேரான இங்கிலீஷே நல்லது.