கல்லூரிக்கு எஸ்எஸ்ஓ: முதலில் ஆட்களின் பட்டியல், பிறகு சாஃப்ட்வேர்

ஒரே லாகினில் எல்லாச் சேவைகளுக்குள்ளும் போகும் வசதி (எஸ்எஸ்ஓ) வேண்டும் என்று முடிவானதும், கல்லூரிகளில் எழும் முதல் கேள்வி "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் இந்த லாகின் வேலையைப் பார்த்து வருகிறவன் நான். யார் என்னிடம் இதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இன்றைய தேதியில் உங்கள் கல்லூரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று சரியாகச் சொல்லும் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலும் ஒருவரிடம் இருக்காது. மாணவர்கள் சேர்க்கைப் பிரிவில், பணியாளர்கள் சம்பளப் பிரிவில், கௌரவ விரிவுரையாளர்கள் துறை அலுவலகத்தின் எக்செல் கோப்பில். முனைவர் பட்டம் படிக்கும் ஒருவர் வகுப்பும் எடுப்பார், இரண்டு பட்டியலிலும் இருப்பார். இளநிலை முடித்து அதே இடத்தில் முதுநிலை சேர்பவருக்குப் பதிவு எண் மாறும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறுகிறவர்களும் உண்டு. அதனால் பெயர், மின்னஞ்சல், பதிவு எண் எதையும் கணக்கின் அடையாளமாக வைக்காதீர்கள். அர்த்தமில்லாத ஓர் எண்ணோ எழுத்துக் கோவையோ போதும். அது எப்போதும் மாறக்கூடாது, வேறு எவருக்கும் மறுபடி தரப்படவும் கூடாது. இதை முதலில் செய்யாவிட்டால், பின்னால் ஒருவருடைய மதிப்பெண் பக்கம் இன்னொருவருக்குத் திறக்கிற ஆபத்து நிஜமாகவே உண்டு.

அடுத்து, லாகின் கேட்கும் எல்லாச் சேவைகளையும் எழுதுங்கள். மூடுல் (இணையவழிப் பாடத் தளம்), நூலக மென்பொருள், தேர்வுக் கட்டணம், விடுதி, மின்னஞ்சல் என்று பட்டியல் நினைத்ததைவிட நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, லாகின் விவரத்தைப் பரிமாறும் தரங்களில் அது எஸ்ஏஎம்எல் 2.0 பேசுமா, ஓப்பன்ஐடி கனெக்ட் பேசுமா, பயனர் பட்டியலை நேராகக் கேட்கும் பழைய முறையான எல்டாப் மட்டும்தானா, எதுவுமே இல்லையா என்று குறியுங்கள். முதலாவது 2005-இல் வந்த தரம், பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ் பதிப்பகங்களும் இன்னமும் அதிகம் சார்ந்திருப்பது அதைத்தான். இரண்டாவது 2014-இல் வந்தது, புதிய செயலிகளுக்கும் மொபைலுக்கும் வசதி. கல்லூரிக்கு இரண்டுமே வேண்டும். சில நிறுவனங்கள் எஸ்எஸ்ஓ இணைப்பை விலை கூடிய திட்டத்தில் மட்டும் வைத்திருக்கும். அந்தச் செலவையும் இந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

இனி சாஃப்ட்வேருக்கு வரலாம். இங்கே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஆட்கள் வெளி நிறுவனங்களின் ஆய்விதழ்களையும் ஆராய்ச்சித் தளங்களையும் கல்லூரிக் கணக்கிலேயே திறக்க வேண்டுமா? ஆம் என்றால் உங்கள் நாட்டின் கல்வி அடையாளக் கூட்டமைப்பில் (ஒருவர் லாகினை மற்றவர் ஏற்கும் நிறுவனங்களின் குழு) சேர வேண்டும். அதன் வழியாக, நாடுகளின் கூட்டமைப்புகளை இணைக்கும் எடுகெய்னுக்குள்ளும் போகலாம். அங்கே ஆயிரக்கணக்கான சேவைகளின் விவரம் ஒரே பெரிய மெட்டாடேட்டா கோப்பாக வரும், தானாகப் புதுப்பிக்கப்படும். ஷிபோலெத் என்ற லாகின் மென்பொருள் இந்த உலகத்துக்காகவே எழுதப்பட்டது. சிம்பிள்எஸ்ஏஎம்எல்பிஎச்பியும் இதை நன்றாகச் செய்யும். சாதாரண அலுவலகங்களை மனத்தில் வைத்துச் செய்த கிளவுட் லாகின் சேவைகள் ஒவ்வொரு சேவையையும் கையால் சேர்க்கச் சொல்லும் போக்குடையவை. ஆராய்ச்சி நடக்கும் பல்கலைக்கழகம் என்றால், கிளவுட் லாகினுக்கு முன்னால் ஷிபோலெத்தை வைத்து இரண்டையும் இணைப்பதுதான் என் பரிந்துரை. வெளிச் சேவைகள் குறைவான சிறு கல்லூரிக்கு, ஏற்கெனவே மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கே போதும். கீக்ளோக், யேல் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிஏஎஸ் இரண்டும் திறமூல லாகின் மென்பொருள்கள்தான். உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் நள்ளிரவில் அது நின்றால் எழுந்து பார்க்க உங்களிடம் ஆள் இருக்க வேண்டும். ஒரே ஒருவருக்குத்தான் அது தெரியும் என்ற நிலையில் அதைத் தொடங்கவே வேண்டாம்.

வைஃபையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவான வைஃபை வசதியான எடுரோம், ரேடியஸ் என்ற வேறொரு முறை வழியாக நடப்பது, எஸ்எஸ்ஓ வாங்கியதும் தானாக வந்துவிடாது. எதிர்காலத்தில் வேண்டுமென்றால் இப்போதே விற்பவரிடம் கேளுங்கள்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். ஒரே கடவுச்சொல் எல்லாக் கதவையும் திறக்கும்போது, அது திருடு போனால் இழப்பும் அவ்வளவு பெரியது. எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட, ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீ மேல், ஏனென்றால் போலித் தளத்தில் அது வேலை செய்யாது. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத மாணவருக்கு யுஎஸ்பி சாவி போன்ற ஒரு வழி கண்டிப்பாக இருக்க வேண்டும். அவர் தேர்வு விண்ணப்பம் போட முடியாமல் வெளியே நிற்கக்கூடாது.

சோதனைக்கு மூன்று சேவைகள் போதும்: ஒரு புதியது, நூலகம் சார்ந்த ஒன்று, உங்களை அதிகம் படுத்தும் பழைய மென்பொருள். உள்ளே போக முடிகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சோதனைக் கணக்கை முடக்கிவிட்டு, அது எந்தெந்தச் சேவையில் இன்னும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே தொடங்கிய அமர்வு பல இடங்களில் நீடிக்கும். ஓரிடத்தில் வெளியேறினால் எல்லா இடத்திலும் வெளியேறுவது நம்பகமாக நடப்பதில்லை, ஆகவே ஆய்வகக் கணினிகளில் அமர்வு நேரத்தைக் குறைவாக வையுங்கள். பாடப்பதிவு தொடங்கும் காலையின் நெரிசலையும் செயற்கையாக உருவாக்கிப் பார்க்க வேண்டும். கல்லூரி எஸ்எஸ்ஓ திணறுவது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்கள். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றால், முன்னாள் மாணவர்களும் தலையில் சேர்வார்களா? லாகின் முகவரியும், உங்கள் லாகின் அமைப்பை மற்ற சேவைகள் அறியும் அடையாளக் குறியும் கல்லூரியின் சொந்த டொமைனில் இருக்குமா? விற்பவரின் டொமைனில் இருந்தால், நாளை மாறும்போது எல்லாச் சேவைகளோடும் புதிதாக இணைக்க வேண்டிவரும். கடைசியாக, எஸ்எஸ்ஓவே விழுந்துபோனால் உள்ளே போக, அதைச் சாராத அவசர நிர்வாகக் கணக்கு ஒன்று. அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் மூடி, பெட்டகத்தில் வையுங்கள். இவை தவிர, லாகின் தகவல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று சேவைகளுக்கு உறுதிசெய்யும் கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை ஒருவருக்கு மேற்பட்டவர்களின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.