அக்ரிலிக் உருகுவது ஏன்? சி.என்.சி. ரவுட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளில் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருப்பவர்கள் தமிழ் எழுத்தையும் மலையாள எழுத்தையும் கணினி காட்டும் பாதையில் சுழலும் வெட்டுக்கருவியை (பிட்) ஓட்டும் சி.என்.சி. ரவுட்டரின் ஒரே மேசையில் வெட்டுகிறார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பாறசாலைப் பக்கத்திலிருந்து வேலை குவியும்போது, பிளைவுட்டுக்குப் போட்டிருந்த பிட்டையும் வேகத்தையும் மாற்றாமல் அக்ரிலிக் ஷீட்டை ஏற்றிவிடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. சற்று நேரத்தில் பிட்டின் நுனியில் சவ்வுமிட்டாய் போல ஒரு கட்டி திரண்டு நிற்கும். வெட்டிய கோடு பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்போது பெரும்பாலோர் ஃபீடை, அதாவது பிட் ஷீட்டில் முன்னேறும் வேகத்தை, குறைக்கிறார்கள். இதைவிடக் கெடுதலான வைத்தியம் கிடையாது. அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். வெப்பத்தை எளிதில் கடத்தவும் செய்யாது. ஆகவே வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு, சீவலோடு சேர்ந்து வெளியேறியாக வேண்டும். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் இரண்டு வெட்டுமுனை கொண்ட பிட்டை நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் ஃபீடில் ஓட்டினால், ஒவ்வொரு முனையும் எடுப்பது 0.017 மில்லிமீட்டர்தான், அந்த அளவில் பிட் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்குகிறது. அதே சுற்றில் ஒற்றை முனைப் பிட்டை 1,800 மில்லிமீட்டரில் ஓட்டினால் 0.1 மில்லிமீட்டர் சீவல் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு இது நல்ல தொடக்கம். மேசையில் விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள்: துருவிய தேங்காய்போல உதிர்ந்தால் அமைப்பு சரி; மாவாக இருந்தால் ஃபீடைக் கூட்டவோ சுற்றைக் குறைக்கவோ வேண்டும்; நூலாக இழுபட்டால் சூடு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது.

ஆகவே பிட் வாங்கும்போது அக்ரிலிக்குக்கென்றே வரும், சீவல் வெளியேறும் பள்ளம் பளபளப்பாகத் தீட்டப்பட்ட ஒற்றை முனைக் கார்பைடு பிட்டைக் கேட்டு வாங்குங்கள். மரத்தில் ஓடி மழுங்கியதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மேற்பரப்பு பிசிறில்லாமல் வரும் என்று நம்பிச் சீவலைக் கீழே தள்ளும் பிட்டைப் போடுபவர்கள் உண்டு. அது சூடான சீவலைப் பள்ளத்திலேயே அடைத்து ஒட்டவைக்கும். சீவலை மேலே தூக்கும் பிட்டே நல்லது. ஆனால் அது ஷீட்டையும் சேர்த்துத் தூக்கும் என்பதால், மெல்லிய ஷீட்டை இருபக்க டேப்பால் நன்றாக அழுத்தி ஒட்டி, வெட்டும் இடத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலையாள எழுத்துகளின் சுழிகளுக்குத் தனிக் கவனம் தேவை. சுழியின் உள் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பிட் அதற்குள் நுழையாது. 2 மில்லிமீட்டர் பிட்டுக்கு மாறும்போது பழைய 1,800 அப்படியே இருந்தால் பிட் ஒடிந்துவிடும். ஏறத்தாழ 900இல் தொடங்கி, ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் ஆழம் மட்டும் எடுங்கள். பிட்டை நேராகக் குத்தி இறக்குவதைவிடச் சாய்வாக இறக்குவது பாதுகாப்பானது, ஏனெனில் விரிசல் பெரும்பாலும் அந்த முதல் குத்தில்தான் விழுகிறது.

ஷீட் வாங்கும்போது அச்சில் ஊற்றி உறையவைத்த காஸ்ட் வகையா, உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்த எக்ஸ்ட்ரூடட் வகையா என்று கேட்காமல் வாங்குவதும் தவறு. எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகிப் பிட்டில் ஒட்டும். ரவுட்டருக்குக் காஸ்ட் வகையே ஏற்றது.

கடைசித் தவறு பலகை கடைமுகப்பில் ஏறிய பிறகே கண்ணில் படும். ஓரத்தைத் தீயில் காட்டிப் பளபளப்பாக்கிவிட்டு அதன்மேல் குளோரோஃபார்ம் தடவி ஒட்டினாலோ, தின்னரால் துடைத்தாலோ, உள்ளே தங்கிய இறுக்கம் மயிரிழை விரிசல்களாக வெளிப்படும். ஒட்ட வேண்டிய ஓரத்துக்குத் தீ காட்டாமல் விடுங்கள். துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பருத்தித் துணியும் போதும்.