இளவட்டக்கல்லும் அவசரக்காரர்களும்

பொங்கல் வந்தால் குமரி மாவட்டத்தில் சில ஊர்களில் இளவட்டக்கல், அதாவது இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் கனத்த உருண்டைக்கல், தூக்குவார்கள். வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் கல்லைக் கட்டிப்பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கும். ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் வாரமே எடைத் தட்டுக்கு மேல் தட்டு மாட்டுகிறவர்களும் இவர்களுக்குச் சொந்தம்தான்.

எடைப் பயிற்சியின் ஆரம்பத்தில் பலம் மளமளவென்று கூடுவது உண்மை. ஆனால் அது தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை ஒருசேர இயக்க மூளையும் நரம்புகளும் பழகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். தசையை எலும்போடு கட்டும் நாண்கள் அதைவிட மெதுவாக உறுதிப்படும். அதனால்தான் அவசரமாக எடை ஏற்றினால் தோளும் முழங்கையும் முதலில் முறையிடுகின்றன. ஒரு எடையை 12 தடவை ஒழுங்காகத் தூக்க முடிந்ததா? சரி, அடுத்து 2.5 கிலோ கூட்டுங்கள், போதும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். ரத்த அழுத்தம் எகிறும்.

"தினமும் ரப்பர் பால் வெட்டப் போறேன், எனக்கெதுக்கு எடைப் பயிற்சி?" என்பது குலசேகரம் பக்கத்துக் கேள்வி. மேடு பள்ளத்தில் நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால் பழகிய சுமைக்குத் தசை மேலும் வளராது, சுமை கூடினால்தான் வளரும். 30 வயதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய பாத்திரம் அதுதான், சர்க்கரை நோய்க்காரர்கள் கவனிக்க வேண்டும். வாரத்தில் 2 நாளாவது தசைக்கான பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டப்பா புரதப் பவுடர் வாங்கும் முன் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். 100 கிராம் சாளை (மத்தி) மீனில் சுமார் 20 கிராம் புரதம், அதே அளவு மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) ஒரு கிராம் அளவுதான். நாமோ கிழங்கை மலையாகக் குவித்து மீனைத் தொட்டுக்கொள்கிறோம்! கடினமாகப் பயிற்சி செய்யும் 60 கிலோ ஆளுக்கு நாளைக்குச் சுமார் 96 கிராம் புரதம் வேண்டும்.

எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பெண்கள் பயப்பட வேண்டாம். அதற்கான ஹார்மோன் அவர்களுக்கு மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வதைத்தான் இந்தப் பயிற்சி தள்ளிப்போடும்.

அப்புறம், தசைவலி பெரும்பாலும் இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். முதன்முதலாக ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தவர்கள் மறுநாளுக்கு மறுநாள் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடாதீர்கள். அந்த மரப்படிகளில் ஒருவழியாக ஏறிவிடலாம், இறங்குவதுதான் பெரும்பாடு.